‘முதல்ல விடுங்க’ என்று கேட்காதீர்கள்: தீம் பார்க் க்யூவில் செய்யும் தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் பெங்களூருக்கு ஊரிலிருந்து சொந்தங்கள் வந்து இறங்கும். லால்பாக், கப்பன் பார்க் முடிந்தால் அடுத்தது தீம் பார்க்தான். என் மகனுக்கு ஆட்டிசம். தண்ணீர் என்றால் உயிர், க்யூ என்றால் ஆகாது. கம்பித் தடுப்புக்குள் பத்து நிமிடம் போனால் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் முன்னால் நிற்பவரின் பை வாரை இழுக்கத் தொடங்குவான்.

முதல் தடவை நான் தப்பாகக் கேட்டேன். ரைடு வாசலில் நின்ற பையனிடம், “ஸ்பெஷல் சைல்டு, முதல்ல விடுங்க” என்றேன். அவன் கூட்டத்தைப் பார்த்தான், கூட்டம் என்னைப் பார்த்தது. “நோடக்கே சென்னாகே இதானல்லா” என்றார் ஒரு அம்மா. பார்க்க நல்லாத்தானே இருக்கான் என்று அர்த்தம். எனக்குக் கன்னடம் புரியாது என்று நினைத்திருப்பார். இருபது வருஷமாக அல்சூரில் இருக்கிறேன்.

யோசித்தால், அவனுக்கு வேண்டியது முதலிடம் இல்லை. அந்தக் கம்பிக்கு வெளியே காத்திருக்க ஒரு இடம், அவ்வளவுதான். அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்கள் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டன. அங்கே ஒரு அட்டையைக் காட்டினால் பெரும்பாலும் காத்திருக்காமல் போய்விடலாம் என்று இருந்தது. வசதியான குடும்பங்கள் மாற்றுத்திறனாளிகளைக் காசு கொடுத்துக் கூட அழைத்துப் போவதாகச் செய்தி வந்து நாறியது. 2013ல் முறையை மாற்றினார்கள். க்யூ எவ்வளவு நேரமோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்லிக் குறித்துக் கொடுப்பார்கள், அதுவரை நிழலில் உட்காரலாம். 2024ல் அதையும் இறுக்கி, முக்கியமாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று வைத்துவிட்டார்கள்.

நம் ஊரில் அப்படி ஏற்பாடு இல்லாத இடத்திலும் கேட்கலாம்: “நாங்க வெளியே இருக்கோம், எங்க ஆள் ஒருத்தர் க்யூவில் நிற்பார், முறை வந்ததும் பையனை அழைச்சிட்டு வரோம்.” பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். இதற்கு யாரும் பெரிதாகச் சண்டைக்கு வருவதில்லை. (காசு கட்டி ஃபாஸ்ட் டிராக்கில் போகிறவரை மட்டும் யாரும் முறைப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?)

ஆனால் இதை ரைடு வாசலில் கேட்காதீர்கள். அங்கே நிற்கும் பையனுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. முந்தின நாளே போன் செய்யுங்கள், போனதும் டிக்கெட் கவுன்டரிலேயே மேற்பார்வையாளரைப் பார்த்துவிடுங்கள். குறைபாட்டின் பெயரைவிட, எது முடியாது என்பதைச் சொல்லுங்கள். “ஆட்டிசம்” என்றால் தலையை ஆட்டுவார்கள். “நெரிசலில் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது” என்றால்தான் புரியும்.

யூடிஐடி அட்டையை (அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வீட்டில் பத்திரமாகப் பூட்டிவைத்துவிட்டு வருவது இன்னொரு தவறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, ஆட்டிசமும் அதில் ஒன்று. பாகுபாடு காட்டக் கூடாது என்பது தனியாருக்கும் பொருந்தும். சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் இல்லையே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். நியாயமான வசதி கேட்க அந்த அளவு கட்டாயம் இல்லை என்று 2021ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்காகக் க்யூவில் நின்று சட்டம் பேச வேண்டாம். அது மேலாளர் அறையில் பேச வேண்டியது.

க்யூவில் விட்டுக்கொடுத்தார்கள் என்பதற்காக ரைடு விதியிலும் எதிர்பார்க்காதீர்கள். உயரம், வலிப்பு, செயற்கைக் கால் என்று ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் கட்டுப்பாடு இருக்கும். அதைக் காலையிலேயே கேட்டுவிட்டால், ஆசை காட்டி ஏமாற்றிய பாவம் வராது. கூடவே, சித்தப்பா குடும்பம் முழுவதையும் பின்னால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பையனோடு ஒருவர் போதும்.

அடுத்த தடவை பள்ளி திறந்த பிறகு, ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். என் தம்பி க்யூவில் நின்றான். மகன் குழாயடியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நிரப்புவதும் கொட்டுவதுமாக இருந்தான். இருபத்தைந்து நிமிடம் கழித்துத் தம்பி போன் பண்ணினான்: “அக்கா, கூட்டிட்டு வா.” மகனுக்குப் பாட்டிலை விட்டு வர மனசே இல்லை.