ஈசிஜி பதிவை வீடியோவாக்கி வகுப்பில் காட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பினாங்கில் ஒரு கல்லூரியில் உடலியல் செய்முறை வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஈசிஜி, தசைச் சுருக்கம், மூச்சு என்று மாணவர்கள் தங்களுக்குள்ளேயே பதிவு செய்வார்கள், அடுத்த வாரம் விரிவுரையில் அதையே வீடியோவாகப் பெரிய திரையில் ஓட்டுவோம். போன தவணை அப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோது முன்வரிசை மாணவி ஒருத்தி, "மிஸ், ஆர் அலை ஒவ்வொரு துடிப்புக்கும் உயரம் மாறுதே, மூச்சு விடுறதாலயா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. (ஆர் அலை என்பது ஒவ்வொரு துடிப்பிலும் ஈசிஜியில் எழும் உயரமான கூர்முனை.) மூச்சை இழுத்து விடும்போது ஆர் அலை கொஞ்சம் ஏறி இறங்குவது உண்மைதான். ஆனால் மூலப் பதிவைத் திறந்து பார்த்தால் அந்தப் பையனின் பதிவில் அது கண்ணில் படாத அளவுக்குச் சின்னது. திரையில் நாங்கள் பார்த்தது வீடியோவாக மாற்றியபோது நுழைந்த பிழை.

எப்படி நுழைந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. பதிவு விநாடிக்கு 1000 புள்ளிகள். திரையில் ஒரே நேரத்தில் 30 விநாடி தெரியும்படி வைத்திருந்தோம், அதாவது 30,000 புள்ளிகள். வீடியோவின் அகலமோ 1920 பிக்சல். ஒரு பிக்சலுக்குள் 15, 16 புள்ளிகள் அடைந்தாக வேண்டும். சில மென்பொருள்கள் அந்தப் பதினைந்தில் ஒன்றை மட்டும் எடுத்து வரைந்துவிட்டு மற்றதை விட்டுவிடும். ஆர் அலையின் உச்சி ஊசி மாதிரி கூர்மையானது, எடுத்த புள்ளி உச்சியில் விழுந்தால் அலை உயரமாகத் தெரியும், பக்கத்தில் விழுந்தால் குட்டையாகிவிடும். ஒவ்வொரு பிக்சலுக்கும் உள்ள மிகக் குறைந்த மதிப்பையும் மிக அதிக மதிப்பையும் சேர்த்துக் கோடு போடும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஒரே தடவையில் திரையில் தெரியும் நேரத்தைச் சுருக்குங்கள். 2 விநாடி மட்டும் காட்டினால் 2000 புள்ளிகளுக்கு 1920 பிக்சல், கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று, பிரச்சினை அதோடு தீர்ந்தது.

அடுத்தது நேரம். வீடியோ விநாடிக்கு 30 பிரேம், அதாவது 30 தனிப்படம், ஓடுகிறது என்றால் ஒரு பிரேமுக்கு 33 மில்லிவிநாடி. ஈசிஜியில் க்யூஆர்எஸ் பகுதி (ஆர் அலையும் அதன் இருபுறமுள்ள சிறு இறக்கங்களும்) சுமார் 80 முதல் 100 மில்லிவிநாடி, ஆகவே அது மூன்றே பிரேம். ஒரு நரம்பின் செயல்மின்னழுத்தமோ (நரம்பில் ஓடும் மின்துடிப்பு) ஓரிரு மில்லிவிநாடிதான், அதை அதன் சொந்த வேகத்தில் ஓட்டினால் ஒரு பிரேமுக்குள்ளேயே தோன்றி மறைந்துவிடும், மாணவர்கள் எதையும் பார்க்க மாட்டார்கள். மெதுவாக்கத்தான் வேண்டும். ஒரு பிரேமுக்கு ஒரு மில்லிவிநாடிப் பதிவு என்று வைத்தால் 33 மடங்கு மெதுவாகும், வகுப்புக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் மெதுவாக்கியதைச் சொல்லாமல் விடாதீர்கள்! மூலையில் ஓடும் கடிகாரம் பதிவின் நேரத்தைக் காட்ட வேண்டும், பிளேயரின் நேரத்தை அல்ல. நுண்ணோக்கியில் உயிருள்ள செல்லை 5 நிமிடத்துக்கு ஒரு படம் என்று ஒரு நாள் முழுக்க எடுத்தால் 288 படம் வரும், விநாடிக்கு 12 பிரேம் வைத்தால் 24 விநாடி வீடியோ, அதாவது திரையில் ஒரு விநாடி என்றால் செல்லுக்கு ஒரு மணி நேரம். இப்படிக் கணக்கு நேராக வரும் வேகத்தைத் தேர்ந்தெடுத்தால் விளக்குவதும் சுலபம்.

நுண்ணோக்கி என்றதும் இன்னொன்று. 400 மடங்கு என்று படத்தின்மேல் எழுதிவைப்பது அர்த்தமில்லாதது, புரொஜெக்டர் போட்டவுடன் அந்த எண் பொய்யாகிவிடுகிறது. மைக்ரோமீட்டரில் அளவுகோல் கோடு ஒன்றைப் படத்திலேயே பதித்துவிடுங்கள், திரை பெரிதானால் கோடும் கூடவே பெரிதாகும். அப்புறம் பிரகாசம். கேமரா 16 பிட் என்றால் 65,536 பிரகாசப் படிகள், வீடியோ பெரும்பாலும் 8 பிட், வெறும் 256. சுருக்கும்போது ஒவ்வொரு பிரேமுக்கும் தானாகவே பிரகாசத்தைச் சரிசெய்யும்படி விட்டுவிட்டால் மங்கிக்கொண்டே போகும் செல் கடைசிவரை அதே ஒளியோடு நிற்கும். அந்த மங்கல்தானே நீங்கள் காட்ட வந்தது! பிரகாசத்தின் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் முதல் பிரேமிலிருந்து கடைசிவரை ஒன்றாகவே பூட்டிவையுங்கள். நிறத்துக்குச் சிவப்பும் பச்சையும் வேண்டாம், வகுப்பில் யாராவது ஒருவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம், கருஞ்சிவப்பு ஊதாவும் பச்சையும் போடுங்கள்.

ஹெச்.264 என்னும் சுருக்க வடிவத்தில் எம்பி4 கோப்பாக எடுத்தால் ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் ஓடும். அதில் ஒரு சங்கதி உண்டு. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கவனிக்கும் அளவுக்கு நிற வேறுபாட்டைக் கவனிப்பதில்லை என்பதால் வழக்கமான வீடியோ, நிறத்தை நான்கில் ஒரு பங்கு நுணுக்கத்தில்தான் சேமிக்கிறது. ஆகவே கறுப்புப் பின்னணியில் ஒரு பிக்சல் சிவப்புக் கோடு அழுக்காகக் கரைந்து தெரியும். வெள்ளையில் கறுப்புக் கோடு, 3 பிக்சல் தடிமன், போதும். அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இல்லாவிட்டால் சில மென்பொருள்கள் மாற்றவே மறுக்கும். கேள்வி வரும்போது வீடியோவைப் பின்னால் இழுத்தால் சொன்ன இடத்தில் நிற்காமல் எங்கோ போய் நிற்கிறதா? முழுப் படமாகச் சேமிக்கப்படும் கீபிரேம்கள் தூரம் தூரமாக இருப்பதுதான் காரணம். பலரும் பயன்படுத்தும் எக்ஸ்264 குறியாக்கி (ஹெச்.264 வீடியோவை உருவாக்கும் மென்பொருள்) 250 பிரேம்வரை இடைவெளி விடும், அதாவது எட்டு விநாடிக்கு மேல். 30 என்று குறைத்துவிடுங்கள், கோப்பு கொஞ்சம் பெருக்கும், பரவாயில்லை.

பழைய 4:3 பதிவை 16:9 திரைக்காக இழுத்து அகலமாக்காதீர்கள். ஈசிஜித் தாளில் பெரிய கட்டம் ஒன்று 0.2 விநாடி, 0.5 மில்லிவோல்ட், சதுரமாக இருக்க வேண்டும். சதுரம் செவ்வகமானால் இயல்பான க்யூஆர்எஸ்கூட அகலமானதாகத் தோன்றும். எக்ஸ்போர்ட் வசதி இருக்கும்போது திரைப்பதிவை நம்பாதீர்கள், கணினி திணறினால் சில பிரேம்கள் விடுபட்டுப்போகும், நடுவில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று எட்டிப் பார்க்கும். பதிவின் மூலையில் மாணவரின் முழுப் பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரங்களைத் தனிக் கவனம் தேவைப்படும் தரவாக வகைப்படுத்துகிறது. சட்டத்தை விடுங்கள், தன் இதயத்தை வகுப்புக்குக் கடன் கொடுத்த பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் மறுபடியும் சுருக்கிவிடும்.

கடைசியாக, முடித்த கோப்பை விரிவுரை அறையிலேயே, விளக்கு எரியும்போது, பின்வரிசையில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். கடிகாரத்தில் 10 விநாடி ஓடுவதற்குள் எத்தனை துடிப்பு என்று எண்ணி, மூலப் பதிவின் அதே 10 விநாடியோடு ஒப்பிடுங்கள். அங்கே 12 இருந்து இங்கே 11 வந்தால் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம், திரும்ப எடுங்கள்.