சீவிக் குவியலுக்குள் ஆளைத் தேடுவது எப்படி?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலா சீசன் தொடங்க முன் ஹோட்டல்காரருக்கு ஒரே தலையிடி, ரிசெப்ஷனுக்கு ஆள் பிடிப்பதுதான். வேலை கேட்பவர் அனுப்பும் சுயவிவரமான சீவிக்குக் குறைவில்லை. அவை மெயிலிலும் வேலைவாய்ப்புத் தளத்தின் டேட்டாபேஸிலும் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் சீசனே முடிந்துவிடும். தேடல் பெட்டியில் நாலு குறியீட்டைச் சரியாகப் போடத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த வகைத் தேடல் பார்ப்பது எழுத்தை, ஆளை அல்ல. நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைவிட, அவர் தன் சீவியில் எப்படி எழுதியிருப்பார் என்பதுதான் முக்கியம்.

படி 1: மேற்கோள் குறி

ஃப்ரன்ட் ஒஃபிஸ் என்று சும்மா அடித்தால், "இன் ஃப்ரன்ட் ஒஃப் போஸ்ட் ஒஃபிஸ்" என்று விலாசம் எழுதியவரும் வந்து நிற்பார். இரண்டு சொல்லையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். அப்போது அந்த இரண்டும் அதே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் சீவி வரும்.

படி 2: ஓர்

ஒரே வேலைக்குப் பல பெயர். ஒருவர் ரிசெப்ஷனிஸ்ட் என்பார், இன்னொருவர் கெஸ்ட் ரிலேஷன்ஸ் என்பார். இடையில் 'அல்லது' என்று பொருள்படும் ஆங்கில 'ஓர்' போட்டால் எதை எழுதியவரும் அகப்படுவார். இந்தச் சொல்லை ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் அடியுங்கள். ஜிமெயிலும் லிங்க்ட்இன்னும் அப்படித்தான் கேட்கின்றன.

நம் ஊர் விஷயத்தில் 'ஓர்' இல்லாமல் முடியாது. ட்ரிங்கோமலி, ட்ரிங்கோ, அப்புறம் திருகோணமலையை ஆங்கிலத்தில் அவரவர் விருப்பப்படி: 'எச்' போட்டு, போடாமல், நடுவில் 'கே'யோ 'சி'யோ வைத்து. கிண்ணியாக்காரர் கிண்ணியா என்று மட்டும் எழுதி, மாவட்டத்தை விட்டிருப்பார். நகர விலாசமென்றால் தபால் குறியீடு 31000 ஐயும் சேருங்கள். வீட்டுத் தொலைபேசி எண் 026 இல் தொடங்கும். ஆனால் மற்ற இலக்கங்களோடு ஒட்டி எழுதியிருப்பார்கள். உங்கள் தளம் நட்சத்திரக் குறியை ('பின்னால் எது வந்தாலும் சரி' என்று பொருள்) ஏற்றால் 026 க்குப் பின்னால் அதைப் போடுங்கள். லிங்க்ட்இன் ஏற்காது.

படி 3: ஆண்ட், அடைப்புக்குறி

இரண்டும் கட்டாயம் வேண்டுமென்றால் நடுவில் 'உம்' என்று பொருள்படும் ஆங்கில 'ஆண்ட்'. பல தளங்களில் வெறும் இடைவெளியே இந்த வேலையைச் செய்யும். சிக்கல் வருவது 'ஓர்', 'ஆண்ட்' இரண்டும் கலக்கும்போது. அடைப்புக்குறி போடாவிட்டால் பெரும்பாலான தளங்கள் 'ஆண்ட்' உள்ளதை முதலில் சேர்த்துப் பிடிக்கும். நீங்கள் நினைத்தது ஒன்று, வருவது வேறொன்று. 'ஓர்' போட்டு இணைத்த சொற்கூட்டம் ஒவ்வொன்றையும் தனித்தனி அடைப்புக்குள் வையுங்கள். சிங்களமும் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் இப்படி:

("ஃப்ரன்ட் ஒஃபிஸ்" ஓர் ரிசெப்ஷனிஸ்ட் ஓர் "கெஸ்ட் ரிலேஷன்ஸ்") ஆண்ட் (ட்ரிங்கோமலி ஓர் ட்ரிங்கோ ஓர் நிலாவெளி ஓர் கிண்ணியா) ஆண்ட் (சிங்களா ஓர் சிங்களீஸ்)

இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். பெட்டியில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அடியுங்கள். முழுவதையும் ஒரேயடியாகப் போடாமல், முதல் அடைப்பை மட்டும் தேடிப் பாருங்கள். பிறகு இரண்டாவதைச் சேருங்கள். திடீரென்று ஒன்றுமே வராவிட்டால் கடைசியாகச் சேர்த்ததில்தான் பிழை.

படி 4: நாட்

ஆங்கில 'நாட்' போட்டால், அதற்கு அடுத்த சொல் உள்ள சீவி வராது. இதில் நான் சூடுபட்டிருக்கிறேன். ஒரு முறை கணக்கு லிகிதர் தேடினேன். பெரிய பதவியில் இருந்தவர்கள் வேண்டாமென்று 'நாட் மனேஜர்' போட்டேன். வந்தது நாலைந்து பேர்தான். சந்தேகம் வந்து அதை எடுத்துவிட்டுப் பார்த்தால், நான் தேடிய மாதிரியே ஒரு பிள்ளை மூதூரிலிருந்து விண்ணப்பித்திருந்தார். சீவியின் அடியில் உறவினரல்லாத இருவர் பெயர் எழுதுவோமே, அங்கே அவருக்குச் சான்று சொன்னவர் ஒரு மனேஜர்! அதே காரணத்தால் 'பிரின்சிபல்' என்று தேடினால் பள்ளிக்கூடம் முடித்த பாதிப் பேர் வருவார்கள். ஆகவே 'நாட்' என்பதைக் கடைசியில், மனமில்லாமல்தான் போட வேண்டும். ஜிமெயிலில் அதற்குப் பதில், சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி.

தேடலில் அகப்படாதவை

போனில் படமெடுத்து அனுப்பிய சீவி பல தளங்களில் தேடலுக்குத் தெரியாது. அது எழுத்தல்ல, படம். அவற்றைத் தனிப் போல்டரில் போட்டுக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது பாமினி. பழைய கணினிகளில் அடித்த தமிழ்ச் சீவிகள் பல இன்னும் அந்த எழுத்துருவில்தான் வருகின்றன. நம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். இப்போது பொதுவாக அடிக்கும் யூனிகோட் தமிழில் திருகோணமலை என்று தேடினால் ஒன்றுமே வராது. வழி இருக்கிறது: வேர்டில் பாமினியைத் தெரிந்து திருகோணமலை என்று அடியுங்கள், அதை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பெட்டியில் தெரியும் ஆங்கிலக் குப்பையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதுதான் நமக்குத் தேவை. புள்ளி வைத்த எழுத்துள்ள சொல்லை மட்டும் தவிருங்கள். பாமினி புள்ளியை அரைப்புள்ளிக் குறியாகப் போடும், சில தளங்கள் அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும். நல்லவேளை, திருகோணமலையில் ஒரு புள்ளி எழுத்தும் இல்லை. பக்கத்திலிருக்கும் மட்டக்களப்புக்காரருக்குத்தான் பாடு.