ஆட்டத்துக்கு 10.2 புள்ளி: கல்லூரி ஃபுட்பாலில் தடுப்பணியை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் 2021ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றிப் பேசுவோர் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் தடுப்பணியை, அதாவது எதிரணியைப் புள்ளி எடுக்கவிடாமல் தடுக்கும் பிரிவைக் குறிப்பிடாமல் கடப்பது அரிது. தலைமைப் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட்டின் கீழ், தடுப்பாட்டப் பொறுப்பை டான் லேனிங் ஏற்றிருந்த அந்த அணி, 15 ஆட்டங்களில் 14ஐ வென்று, 2022 ஜனவரி 10ஆம் தேதி இண்டியானாபொலிஸ் நகரில் அலபாமாவை 33-18 என வீழ்த்தித் தேசியப் பட்டத்தைப் பெற்றது. அந்த 15 ஆட்டங்களிலும் எதிரணிகள் எடுத்தவை மொத்தம் 153 புள்ளிகள்; அதாவது ஆட்டத்துக்கு 10.2. எண் சரியானதே. ஆனால் அந்த எண்ணிலிருந்து பலர் வந்தடையும் முடிவுகளில் பாதி சரியல்ல. ஒரு தடுப்பணியின் பருவத்தை மதிப்பிடும்போது ரசிகர்களும் எழுதுவோரும் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் அனைத்தையும் இந்த ஒரே பருவத்தை வைத்தே ஏறக்குறைய விளக்கிவிடலாம்.

முதலாவதும் மிகப் பரவலானதுமான தவறு, எதிரணி எடுத்த புள்ளிகள் அனைத்தையும் தடுப்பணி விட்டுக்கொடுத்த புள்ளிகளாகவே கருதுவது. கிரிக்கெட்டில் 'பை' ஓட்டங்கள் பந்துவீச்சாளரின் கணக்கில் ஏறுவதில்லை. ஃபுட்பாலில் வழக்கமாக வெளியாகும் புள்ளிச் சராசரியில் அத்தகைய பிரிப்பு எதுவும் கிடையாது. செப்டம்பர் 11 அன்று யூ.ஏ.பி. அணியை ஜார்ஜியா 56-7 என வென்றபோது அந்த ஏழு புள்ளிகளும் எப்படி வந்தன என்று பார்த்தால், ஜார்ஜியாவின் மாற்று குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) எறிந்த பந்தை யூ.ஏ.பி.யின் தடுப்பாட்டக்காரர் பறித்துக்கொண்டு ஓடி எடுத்த டச்டவுனால் (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்து ஆறு புள்ளி எடுப்பது; அதன் பின் உதைத்து ஒரு கூடுதல் புள்ளியும் எடுக்கலாம்) வந்தவை. ஜார்ஜியாவின் தடுப்பணி அப்போது களத்திலேயே இல்லை. டிசம்பர் 4 அன்று தென்கிழக்கு மாநாடு எனப்படும், ஜார்ஜியாவும் அலபாமாவும் அடங்கிய அணிக்கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் அலபாமா 41-24 என வென்றதே, அந்த 41இலும் ஏழு புள்ளிகள் இதே வகையில், ஜோர்டன் பேட்டில் 42 யார்டு ஓடிய ஓர் இன்டர்செப்ஷனால் கிடைத்தவை. இவ்விரண்டை மட்டும் கழித்தாலே 153 என்பது 139 ஆகி, சராசரி 9.3க்கு இறங்கிவிடுகிறது.

இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. தடுப்பணி தானே புள்ளி எடுக்கும்போது அது எதிரணியைக் கட்டுப்படுத்திய கணக்கில் சேர்வதில்லை. பந்துடன் முன்னேறிப் புள்ளி எடுக்கும் பிரிவான தாக்கணியின் வெற்றியாகவே மொத்தத்தில் கரைந்துபோகிறது. பருவத்தின் முதல் ஆட்டத்தில், சார்லட் நகரில், கிளெம்சனை ஜார்ஜியா 10-3 என வென்றது. அந்த ஆட்டத்தின் ஒரே டச்டவுனை எடுத்தவர் பந்தைப் பறித்து 74 யார்டு ஓடிய கிறிஸ்டஃபர் ஸ்மித் என்னும் தடுப்பாட்டக்காரர். பருவத்தின் கடைசி ஆட்டத்தை முடித்துவைத்ததும், 54 விநாடிகள் மீதமிருக்கையில் கெலீ ரிங்கோ 79 யார்டு ஓடிய இன்டர்செப்ஷன்தான். எதிரணிக்குக் கொடுத்ததை மட்டும் எண்ணுகிறவர் இந்த இரண்டையும் எங்கே எழுதுவார்?

புள்ளி எப்படி வந்தது என்பதோடு எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். தேசிய இறுதியாட்டத்தில் அலபாமா ஒரேயொரு டச்டவுன்தான் எடுத்தது. ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட் பந்தை நழுவவிட்டதால், ஜார்ஜியாவின் கோல் கோட்டுக்கு வெறும் 16 யார்டு தூரத்தில் அலபாமாவுக்குப் பந்து கிடைத்தது. அங்கிருந்து வந்ததுதான் அந்த டச்டவுன். மற்ற 12 புள்ளிகளும் நான்கு ஃபீல்டு கோல்கள் (கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துத் தலா மூன்று புள்ளி எடுப்பவை). 70, 75 யார்டு தூரத்திலிருந்து நகர்ந்துவரும் எதிரணியைத் தடுப்பதும், 16 யார்டில் நிற்கும் எதிரணியைத் தடுப்பதும் ஒரே வேலையல்ல. ஒவ்வொரு டிரைவும் (பந்து கிடைத்தது முதல் அதை இழக்கும்வரை ஓர் அணி நடத்தும் தொடர் தாக்குதல்) களத்தின் எந்த இடத்தில் தொடங்கியது என்பதைப் பார்க்காமல் தடுப்பணியைத் திட்டுவதும் புகழ்வதும் பயனற்றவை.

இந்த இடத்தில் ஐயோவா அணியை நினைக்காமல் இருக்க முடியாது. 2023ஆம் ஆண்டில் அந்த அணி ஆட்டத்துக்கு 15.4 புள்ளிகள் மட்டுமே எடுத்தும் 10 ஆட்டங்களை வென்றது. எதிரணிகளுக்குக் கொடுத்தது ஆட்டத்துக்கு 14.8. தடுப்பாட்டப் பயிற்சியாளர் பில் பார்க்கரின் தடுப்பணி உண்மையிலேயே சிறந்ததுதான். எனினும் டோரி டெய்லர் என்ற ஆஸ்திரேலிய உதைப்பாளர் அந்தப் பருவத்தில் மொத்தம் 4,479 யார்டுகளுக்குப் பன்ட் அடித்து (முன்னேற முடியாதபோது பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது), 1938 முதல் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எதிரணியை மீண்டும் மீண்டும் அதன் சொந்தக் கோல் கோட்டருகே கொண்டுபோய் நிறுத்திய ஓர் உதையாளரின் உழைப்பும் அந்த 14.8க்குள் இருக்கிறது. தாக்கணி தொடர்ந்து தோற்றதால்தான் அவருக்கு அத்தனை முறை உதைக்க வாய்ப்புக் கிடைத்தது என்பது வேறு கதை.

ஆட்டத்துக்கு எத்தனை யார்டு என்ற கணக்கை அப்படியே நம்புவது அடுத்த தவறு. அதே 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் பென் ஸ்டேட் அணி ஐயோவாவை 31-0 என வென்றது. மறுநாள் செய்திகளைப் படித்தவர்களுக்கு ஐயோவாவின் தடுப்பணி நொறுங்கிவிட்டதாகத் தோன்றியிருக்கும். ஆனால் அன்று பென் ஸ்டேட் 97 முறை பந்தை ஆடியது. ஐயோவாவின் தாக்கணி ஆடியது 33 முறை மட்டுமே. பென் ஸ்டேட் எடுத்த 397 யார்டுகளை 97ஆல் வகுத்தால் ஒவ்வோர் ஆட்டமுறைக்கும் 4.1 யார்டுதான் வருகிறது. எந்தத் தடுப்பணியும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளும் எண் அது. ஓய்வே கிடைக்காமல் ஏறக்குறைய முக்கால் மணி ஆட்டநேரம் களத்தில் நின்ற ஒரு தடுப்பணியை மொத்த யார்டுகளை வைத்து மதிப்பிடுவது அநியாயம். ஆகவே மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் ஓர் ஆட்டமுறைக்கு எத்தனை யார்டு, ஒரு டிரைவுக்கு எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்ப்பதே முறை. ஆண்டுகளை ஒப்பிடும்போது இது இன்னும் அவசியமாகிறது: 2023 முதல், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களைத் தவிர, முதல் டவுன் (10 யார்டு முன்னேறியதற்குக் கிடைக்கும் புதிய நான்கு முயற்சிகள்) கிடைத்ததும் கடிகாரத்தை நிறுத்தும் பழைய வழக்கம் கைவிடப்பட்டதால், ஓர் ஆட்டத்தில் நிகழும் ஆட்டமுறைகளின் எண்ணிக்கையே குறைந்துவிட்டது.

கூடுதல் நேர ஆட்டங்களும் இத்தகைய கண்ணிகளே. 2018இல் இருந்த கல்லூரி விதிப்படி ஒவ்வொரு கூடுதல் நேரத்திலும் தாக்கணி எதிரணியின் 25 யார்டுக் கோட்டிலிருந்தே தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணி எல்.எஸ்.யு. அணியை ஏழு கூடுதல் நேரங்களுக்குப் பின் 74-72 என வென்றது. வழக்கமான நேரம் முடிந்தபோது இருந்த நிலை 31-31. அந்த ஓர் இரவு இரு அணிகளின் பருவச் சராசரியையும் எவ்வளவு கெடுத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கல்லூரிப் புள்ளிவிவரங்களுக்கே உரிய ஒரு மயக்கம், ஓட்டத் தடுப்பு (பந்தை ஏந்தி ஓடுவோரைத் தடுப்பது) என்ற எண்ணில் இருக்கிறது. குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்பே வீழ்த்தப்படுவதைச் சாக் என்பர். தொழில்முறை ஆட்டமான என்.எஃப்.எல்.லில் சாக்கினால் இழந்த யார்டுகளை எறிதல் கணக்கில் கழிக்கிறார்கள். கல்லூரி ஆட்டத்திலோ ஓட்டக் கணக்கில் கழிக்கிறார்கள். கிளெம்சனுக்கு எதிரான அந்த முதல் ஆட்டத்தில் ஜார்ஜியா ஏழு சாக்குகள் எடுத்தது; கிளெம்சனின் மொத்த ஓட்ட யார்டுகள் இரண்டே இரண்டு. அந்த இரண்டைப் பார்த்துவிட்டு, கிளெம்சனின் ஓட்டக்காரர்கள் ஓரடியும் நகரவில்லை என எழுதுவது தவறு. அங்கே ஓட்டத் தடுப்போடு, எறிய முயன்றவர்மீது விழுந்த அழுத்தமும் கலந்திருக்கிறது. தேசிய இறுதியாட்டத்திலும் அலபாமாவின் ஓட்டக்காரர் பிரையன் ராபின்சன் தனியாக 68 யார்டு எடுத்திருக்க, அணியின் மொத்த ஓட்டக் கணக்கு 30 என்றுதான் பதிவானது. இடைவெளிக்குப் பெரும்பாலும் காரணம் சாக்குகள். சாக்குகளை நீக்கி ஓட்டத்தையும், அவற்றைச் சேர்த்து எறிதல் தடுப்பையும் பார்த்தால்தான் எந்தப் பகுதி வலுவாக இருந்தது என்பது விளங்கும்.

எதிரணிகள் யார் என்பதை மறப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டதால் சுருக்கமாகவே சொல்கிறேன். பருவத்தின் முதல் 12 ஆட்டங்களில் ஜார்ஜியா கொடுத்தது 83 புள்ளிகள், ஆட்டத்துக்கு 6.9. அந்தப் பன்னிரண்டில் 2-10 (2 வெற்றி, 10 தோல்வி) என முடித்த வாண்டர்பில்ட்டும், 3-9 என முடித்த ஜார்ஜியா டெக்கும், கீழ்நிலைப் பிரிவைச் சேர்ந்த சார்ல்ஸ்டன் சதர்னும் உண்டு. கடைசி மூன்று ஆட்டங்களில், அலபாமா இருமுறையும் மிச்சிகன் ஒருமுறையுமாக, 70 புள்ளிகள் வந்தன. 6.9 பொய்யல்ல, ஆனால் அது யாருக்கு எதிரான 6.9 என்பதைச் சேர்க்காமல் சொல்லக் கூடாது. அதேபோல், முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தின் இறுதி நிமிடங்களையும் தனியே வைக்க வேண்டும். கென்டக்கிக்கு எதிராக ஜார்ஜியா 30-7 என முன்னிலையில் இருந்தபோது, நான்கு விநாடிகள் மட்டும் மீதமிருக்க, 22 ஆட்டமுறைகள் நீண்ட டிரைவின் முடிவில் கென்டக்கி ஒரு டச்டவுன் எடுத்தது. அதன் பின் உதைத்த கூடுதல் புள்ளியும் தடுக்கப்பட்டு ஆட்டம் 30-13 என முடிந்தது. அந்த ஆறு புள்ளிகள் பந்தயம் கட்டியவர்களைத் தவிர வேறு யாருக்கும் எதையும் மாற்றவில்லை.

ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பெழுதும் தவறுதான் அந்தப் பருவத்தில் மிக உரத்துக் கேட்டது. டிசம்பர் 4 அன்று அலபாமாவின் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங் 421 யார்டு எறிந்தார். ஜார்ஜியாவால் அவரை ஒருமுறைகூட சாக் செய்ய இயலவில்லை. அதுவரை எளிய எதிரிகளால் ஊதப்பட்ட தடுப்பணி இது என்ற பேச்சு ஒரே இரவில் பரவியது. ஐந்து வாரங்கள் கழித்து அதே யங்கை நான்கு முறை வீழ்த்தி, இரு முறை பந்தைப் பறித்து, அலபாமாவை 18 புள்ளிகளில் நிறுத்தியபோது, எதிர்த்திசையில் அதே அவசரம் தொடங்கியது: ஜார்ஜியா விடையைக் கண்டுபிடித்துவிட்டது என்றார்கள். இரண்டும் அரைகுறை. முதல் ஆட்டத்தில் ஏழு பந்துகளைப் பிடித்து 184 யார்டு எடுத்த ஜேம்சன் வில்லியம்ஸ், இரண்டாம் ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியிலேயே முழங்கால் காயத்தால் வெளியேறினார். மற்றொரு முதன்மைப் பந்துபிடிப்பாளர் ஜான் மெச்சீ முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து பருவத்தை இழந்திருந்தார். ஜார்ஜியா அழுத்தம் கொடுக்கும் முறையை மேம்படுத்திக்கொண்டது உண்மை. அதன் எதிரே நின்றவர்கள் மாறியிருந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை. இவற்றில் எது எவ்வளவு என்று இரண்டே ஆட்டங்களைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. சொல்வதாக யாராவது உறுதிகூறினால் நான் சந்தேகப்படுவேன்.

பந்து பறிப்புகளை முழுக்கத் திறமையாகக் கணக்கிடுவதும் இதன் உறவினத் தவறே. பந்தைத் தட்டி நழுவச்செய்வது பெருமளவு திறமை. கீழே விழுந்த பந்து யார் கையில் சிக்குகிறது என்பது பெரிதும் அதிர்ஷ்டம். நழுவிய பந்துகளில் மிகப் பெரும் பங்கைக் கைப்பற்றிய தடுப்பணி, மறுபருவத்திலும் அவ்வாறே செய்யும் என எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

தனி ஆட்டக்காரர்களின் எண்களுக்கு வந்தால், டாக்கிள்களும் (பந்துடன் வருபவரை வீழ்த்துவது) சாக்குகளும் எத்தனை என்று பார்த்து வரிசைப்படுத்துவது எளிதாக இருப்பதாலேயே தவறாகிறது. 2021இல் ஜோர்டன் டேவிஸ் அவுட்லேண்ட், பெட்னாரிக் ஆகிய இரு பெரும் விருதுகளையும் பெற்றார்; அவருடைய சாக்குகள் மிகச் சில. 150 கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடன் நடுவில் நின்று, இரண்டு எதிராளிகளைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, பின்னால் நிற்கும் நகோபி டீன் தடையின்றி ஓடிவர வழி விடுவதே அவரது வேலை. டீன் பட்கஸ் விருது பெற்றதில் டேவிஸின் பங்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. டிராவன் வாக்கர் அந்தப் பருவத்தில் எடுத்த சாக்குகள் ஆறுதான். எனினும் தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2022 என்.எஃப்.எல். தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவரே. மாறாக, பின்வரிசைக் காவலர் ஒருவர் அணியிலேயே அதிக டாக்கிள்கள் செய்திருந்தால், முன்வரிசையைத் தாண்டி எதிரிகள் அடிக்கடி வந்துவிட்டார்கள் என்றும் அதற்குப் பொருள் இருக்கக்கூடும்.

கடைசியாக, ஒரு பருவத்தை அடுத்த பருவத்தின் மீது ஏற்றிவைக்கும் தவறு. அந்தத் தேர்வின் முதல் சுற்றிலேயே ஜார்ஜியாவின் தடுப்பணியிலிருந்து வாக்கர், டேவிஸ், குவே வாக்கர், டிவான்டே வயட், லூயிஸ் சீன் என ஐந்து பேர் போய்விட்டார்கள். லேனிங்கும் ஒரிகன் அணியின் தலைமைப் பயிற்சியாளராகச் சென்றுவிட்டார். ஜார்ஜியா சரியும் என்று கணித்தவர்கள் பலர். 2022 செப்டம்பர் 3ஆம் தேதி, பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, லேனிங்கின் ஒரிகனை ஜார்ஜியா 49-3 என வென்றது. அதனால் புதிய தடுப்பணி பழையதற்கு இணையானது என்று உடனே எழுதியவர்களும் அவசரப்பட்டவர்களே: 15 ஆட்டங்களையும் வென்று மீண்டும் பட்டம் பெற்ற அந்த ஆண்டில் ஜார்ஜியா கொடுத்தது ஆட்டத்துக்கு 14.3 புள்ளிகள், அரையிறுதியில் ஒஹாயோ ஸ்டேட் மட்டும் 41 எடுத்து, ஒரே புள்ளியில் தோற்றது.