இரண்டே எண்களில் உலகின் எந்த இடத்தையும் கண்டுபிடிப்பது எப்படி?

29.9792, 31.1342. பார்த்தவுடன் இந்த எண்கள் எதையும் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் எந்த இணைய வரைபடத்தில் போட்டாலும் இவை எகிப்தில் உள்ள கிசாவின் மாபெரும் பிரமிடுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். தெருப் பெயர் வேண்டாம், கதவு எண் வேண்டாம். பெயரே வைக்கப்படாத மணல்மேட்டுக்கும் நடுக்கடலுக்கும்கூட இப்படி ஒரு முகவரி உண்டு.

அந்த முகவரியைப் படிப்பது, தேடுவது, நாமே எடுத்து இன்னொருவருக்கு அனுப்புவது, இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நடுநடுவே ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: எண்ணைத் தட்டும் முன்பே, அந்த இடம் உலக உருண்டையில் ஏறக்குறைய எங்கே வரும் என்று ஊகித்துவிடுங்கள். தொலைபேசி எண் ஒன்று தப்பானால் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று ஒரு குரல் சொல்லும். இங்கே அப்படி யாரும் சொல்லமாட்டார்கள். தப்பான எண்ணும் பூமியில் ஏதோ ஓர் இடம்தான். வரைபடம் உங்களை அங்கே கூட்டிப்போய்விடும்.

படி 1: எது குறுக்கு, எது நெடுக்கு?

முதல் எண் அட்சரேகை. பள்ளிப் பாடத்தில் அட்சக்கோடு என்று படித்திருப்பீர்கள். உருண்டையைக் குறுக்காகச் சுற்றிவரும் வளையங்கள் இவை. நிலநடுக்கோடு 0 பாகை. அங்கிருந்து மேலே போனால் வட துருவம் 90, கீழே போனால் தென் துருவம் 90. அதற்கு மேல் எண் கிடையாது. ஆகவே 90ஐத் தாண்டிய எண் ஒன்றைப் பார்த்தால், அது நிச்சயமாக அட்சரேகை இல்லை.

இரண்டாவது எண் தீர்க்கரேகை. துருவத்திலிருந்து துருவத்துக்கு நெடுக்காக இறங்கும் கோடுகள், ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளைப் பிரிக்கும் கோடுகளைப் போல. இவற்றுக்கு இயற்கையான தொடக்கம் எதுவும் இல்லை, மனிதர்களாகக் கூடி முடிவுசெய்ததுதான். 1884இல் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில், லண்டனில் உள்ள கிரீன்விச் வழியாகப் போகும் கோட்டை 0 என்று வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து கிழக்கே 180 வரை, மேற்கே 180 வரை.

கிரீன்விச்சில் அந்தக் கோட்டைத் தரையில் உலோகப் பட்டையாகப் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நின்று செல்பேசியைப் பார்த்தால் தீர்க்கரேகை 0 என்று காட்டாது, -0.0015 என்று காட்டும். ஜிபிஎஸ் பயன்படுத்தும் சுழியக் கோடு அங்கிருந்து சுமார் 102 மீட்டர் கிழக்கே ஓடுகிறது. செல்பேசியில் கோளாறு இல்லை. அந்தப் பழைய கோட்டை நட்சத்திரங்களைப் பார்த்து, அந்த இடத்து ஈர்ப்பு விசையின் திசையை நம்பிக் குறித்தார்கள்; இன்றைய கணக்கு பூமியின் மையத்திலிருந்து தொடங்குகிறது.

படி 2: கழித்தல் குறியைக் கவனியுங்கள்

வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். சிட்னி ஓபரா ஹவுஸ் -33.8568, 151.2153. அந்தச் சின்னக் கோட்டை விட்டுவிட்டால் ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் கடலின் நடுவில் போய் விழுவீர்கள். நகலெடுத்து ஒட்டும்போது எண்ணின் தொடக்கத்தில் இருக்கும் இந்தக் குறிதான் அடிக்கடி விடுபட்டுப்போகும். ஒட்டியபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 3: பாகை, நிமிடம், விநாடியைத் தசமமாக மாற்றுங்கள்

பழைய வரைபடங்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் அதே பிரமிடின் இடம் 29°58′45″ வடக்கு, 31°08′03″ கிழக்கு என்று இருக்கும். ஒரு பாகையில் 60 நிமிடம், ஒரு நிமிடத்தில் 60 விநாடி. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இது நேரம் இல்லை, பாகையின் பங்கு.

மாற்றுவது சுலபம். நிமிடத்தை 60ஆல் வகுங்கள், விநாடியை 3600ஆல் வகுங்கள், இரண்டையும் பாகையோடு கூட்டுங்கள்.

58 ÷ 60 = 0.96667
45 ÷ 3600 = 0.0125
29 + 0.96667 + 0.0125 = 29.97917

தீர்க்கரேகையை நீங்களே போட்டுப் பாருங்கள், 31.13417 வர வேண்டும். தெற்கு, மேற்கு என்று இருந்தால் விடைக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள்.

புதிதாகப் பழகுபவர்கள் பலர் 29°58′45″ என்பதை அப்படியே 29.5845 என்று எழுதிவிடுவார்கள். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பிரமிடிலிருந்து சுமார் 44 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் போயிருப்பீர்கள்.

படி 4: முதலில் ஊகம், அப்புறம் தேடல்

ஊகிப்பதற்குச் சில கொக்கிகளை மனத்தில் மாட்டிவைத்தால் போதும். அட்சரேகை 0 கென்யா, இந்தோனேசியா, பிரேசில் வழியாகப் போகிறது. தீர்க்கரேகையில் லண்டன் 0, கெய்ரோ 31, டோக்கியோ 140, நியூயார்க் -74, சான் பிரான்சிஸ்கோ -122. இவற்றுக்கு இடையில் வருபவற்றைக் கண்ணாலேயே அளந்துவிடலாம்.

இப்போது -13.1631, -72.5450 என்ற எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண் கழித்தல், சிறியது: நிலநடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே. இரண்டாவது, நியூயார்க்குக்கு நேர் தெற்காக இறங்கும் கோட்டுக்குப் பக்கம். அப்படியே விரலை இறக்கினால் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதி வரும். சரி, இப்போது தட்டுங்கள். கூகுள் மேப்ஸ், ஓபன்ஸ்ட்ரீட்மேப் எதுவானாலும், தேடல் பெட்டியில் அட்சரேகை, காற்புள்ளி, தீர்க்கரேகை என்று இட்டால் போதும். பெருவில் உள்ள மாச்சு பிச்சு வந்து நிற்கும்.

எண்கள் இடம் மாறிப்போகும் தவறை இந்த ஊகம்தான் பிடிக்கும். பிரமிடுக்கே வருவோம். 31.1342, 29.9792 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். எங்கேயோ கடலில் விழும் என்றுதானே நினைப்பீர்கள்? விழாது. அதே எகிப்தில், அலெக்சாண்ட்ரியா நகரத்தின் ஓரத்தில், சுமார் 170 கிலோமீட்டர் தள்ளி நிற்கும். நாடும் சரி, ஊர்ப் பெயர்களும் அரபியில்தான். பிரமிடு என்பதால் உடனே தெரிந்துவிடுகிறது. தெரியாத ஓர் இடமாக இருந்திருந்தால் அப்படியே நம்பியிருப்போம். எனக்கு இந்த உதாரணம் கிடைத்த நாளிலிருந்து, ‘முதலில் அட்சரேகை’ என்று வாயால் சொல்லிக்கொண்டுதான் எண்களைத் தட்டுகிறேன். நிரல் எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: வரைபடத் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் (GeoJSON) கோப்புகளில் தீர்க்கரேகைதான் முதலில் வரும்.

படி 5: நீங்களே எண்ணை எடுப்பது

கூகுள் மேப்ஸில், கணினியாக இருந்தால் வேண்டிய இடத்தில் வலது சொடுக்கு. பட்டியலின் மேலேயே எண்கள் இருக்கும், அவற்றைச் சொடுக்கினால் நகலாகிவிடும். செல்பேசியில் அந்த இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஊசி விழும், கூடவே எண்களும் வரும்.

எத்தனை தசம இலக்கம் வேண்டும்? அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். ஒவ்வொரு இலக்கமும் அதைப் பத்தில் ஒன்றாக்கும். மூன்று இலக்கம் என்றால் 111 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர். சில செயலிகள் பதினான்கு இலக்கம்வரை கொட்டும். ஐந்துக்கு மேல் வெட்டிவிடலாம், செல்பேசியின் ஜிபிஎஸ் அவ்வளவு நுணுக்கமாக அளப்பதும் இல்லை. தீர்க்கரேகையில் ஒரு பாகையின் தூரம் இடத்துக்கு இடம் மாறும். நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டர், 60ஆம் அட்சரேகையில் அதில் பாதி, துருவத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும்.

மலையிலோ காட்டிலோ வழி தவறி உதவி கேட்கும் நிலை வந்தால், ‘பெரிய மரத்துக்குப் பக்கத்தில்’ என்பதைவிட இந்த எண்கள் பல மடங்கு உதவும். இணையம் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். எண்களைச் சாதாரணக் குறுஞ்செய்தியில் அனுப்பலாம். குரலில் சொல்வதானால் ஒவ்வொரு இலக்கமாக, புள்ளியையும் சேர்த்து, வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்பதையும் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

பழகிப் பார்க்க

-48.88, -123.39. ஊகித்துவிட்டுத் தட்டுங்கள். வரைபடத்தில் நீல நிறம் மட்டும் தெரிந்தால் தவறு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது தென் பசிபிக்கில் உள்ள நீமோ முனை. உலகக் கடல்களிலேயே நிலத்திலிருந்து மிகத் தொலைவான புள்ளி. எந்தக் கரைக்குப் போவதானாலும் சுமார் 2,700 கிலோமீட்டராவது கடக்க வேண்டும். வரைபடத்தைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள், முதல் தீவு கண்ணில் படும்வரை.