கடலின் பத்தாண்டு மாற்றங்களும் நம் குளிர்காலமும்: கணினி மாதிரித் தரவில் நீங்களே கணக்கிட ஒரு செய்முறை

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் மார்கழியிலும் தையிலும் இரவுக் குளிரைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். குளிர் சரியாக விழுந்தால் மரம் பூ எடுக்கும். மேகமூட்டமும் வெதுவெதுப்பான இரவுகளும் நீடித்தால் பூவுக்குப் பதிலாகத் தளிர் விடும். "நான் சின்னப் பையனா இருக்கையில தை மாசம் விடியக்காலம் வாயைத் தொறந்தாப் புகை வரும், இப்ப அந்தக் குளிரே இல்லையேப்பா" என்று என் பெரியப்பா ஒருமுறை கேட்டார். புவி வெப்பமாதல் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பத்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து நீடிக்கும் மாற்றத்தில் கடலின் மெதுவான ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும். அந்தப் பங்கைப் பிரித்துப் பார்க்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன். பைத்தான் நிரல்மொழியில் ஒரு கோப்பைத் திறந்து சராசரி எடுக்கத் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: கடலை ஏன் பார்க்கிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

மார்கழி விடியலில் கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணைக்கரையில் நின்றவர்களுக்குத் தெரியும்: கரையிலுள்ள பாறை சில்லிட்டுக் கிடக்கும், தண்ணீரிலோ கை வைத்தால் இதமாக இருக்கும். தண்ணீர் வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாகவே விடுகிறது. கடலின் மேல் இரண்டரை மீட்டர் நீர், அதன் மேலுள்ள வளிமண்டலம் முழுவதற்கும் ஈடான வெப்பக் கொள்ளளவு உடையது. அதனால் நாளுக்கு நாள் மாறும் காற்றின் தாறுமாறான தாக்குதல்களைக் கடல் கூட்டிச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் நீளும் மெதுவான அலைவாக மாற்றிவிடுகிறது. இந்தக் கருத்தை 1976-இல் கிளாவுஸ் ஹாசல்மான் கணித வடிவில் எழுதினார். 2021-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

காற்று கடலை மாற்றுகிறதா, கடல் காற்றை மாற்றுகிறதா என்ற கேள்வி இங்கேயே எழுகிறது. இரண்டும் நடக்கின்றன. அவதானிப்புத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிப்பது கடினம் என்பதால்தான் கடலையும் காற்றையும் சமன்பாடுகளால் இயக்கிப் பார்க்கும் கணினி மாதிரிகள் தேவைப்படுகின்றன.

படி 2: பொருத்தமான மாதிரி ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

காலநிலை மாதிரிகளை ஒப்பிடுவதற்கான சிஎம்ஐபி6 (CMIP6) என்னும் உலகளாவிய ஏற்பாட்டின் கீழ் பல நாட்டு மாதிரிகளின் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் புவி அமைப்பு மாதிரியும் அதில் பங்கேற்றது. ஒவ்வொரு மாதிரியிலும் பலவகை ஓட்டங்கள், அதாவது வெவ்வேறு நிபந்தனைகளில் அதை இயக்கிப் பார்த்த சோதனைகள், உண்டு. தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது தொழிற்புரட்சிக்கு முந்தைய கட்டுப்பாட்டு ஓட்டம். அதில் பசுங்குடில் வாயுக்கள் 1850-ஆம் ஆண்டு நிலையிலேயே நிறுத்தப்பட்டிருக்கும். ஆகவே அங்கே தெரியும் பத்தாண்டு மாற்றங்கள் கடலும் காற்றும் தமக்குள் நடத்தும் உறவிலிருந்தே வருபவை. குறைந்தது 500 ஆண்டுகள் ஓட்ட வேண்டும் என்பது சிஎம்ஐபி6-இன் விதிமுறை. அத்தனை நீளமான கருவிப் பதிவு நிஜ உலகில் நமக்கு எங்கும் கிடைக்காது.

இன்னொரு வகை ஓட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கடலின் ஒரு பகுதியை மட்டும் உண்மையில் பதிவான வெப்பநிலைக்குக் கட்டிவைத்து, மற்ற இடங்களைத் தன்போக்கில் ஓடவிடுவார்கள். 2013-இல் காலநிலை ஆய்வாளர்கள் கொசாகாவும் ஷியும் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. புவிப்பரப்பில் சுமார் 8 விழுக்காடே ஆன வெப்பமண்டலக் கிழக்குப் பசிபிக்கை மட்டும் அவர்கள் அப்படிக் கட்டிவைத்தபோது, 2000-க்குப் பின் உலக வெப்ப உயர்வு மந்தப்பட்டது மாதிரியில் அப்படியே வெளிப்பட்டது; அந்த மந்தம் வடகோளக் குளிர்காலத்தில்தான் வலுவாக இருந்தது, கோடையில் வெப்பம் தொடர்ந்து ஏறியது. கடல் குளிர்காலத்தைத் தொடும் விதத்தை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய சோதனைகள் குறைவு என்பது என் கருத்து.

தேர்ந்தெடுத்த ஓட்டத்திலிருந்து இரண்டு மாதாந்தரக் கோப்புகளை இறக்குங்கள்: பரப்பு வெப்பநிலையான ‘டிஎஸ்’ (ts), தினசரிக் குறைந்தபட்ச வெப்பநிலையின் மாதச் சராசரியான ‘டாஸ்மின்’ (tasmin). மாதிரி புவிப்பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு தரும். கடலுக்கென்றே உள்ள ‘டிஓஎஸ்’ (tos) கோப்பு பல மாதிரிகளில் வளைந்த கட்டங்களில் இருக்கும். முதல் முயற்சியில் அதனோடு போராட வேண்டாம்.

படி 3: பசிபிக்கின் குறியீட்டைக் கணக்கிடுங்கள்

பசிபிக்கின் பத்தாண்டு அலைவை அளக்க மூன்று பெட்டிகள் போதும். நடுவிலுள்ளது தெற்கு 10 முதல் வடக்கு 10 டிகிரி வரை, கிழக்கு 170 முதல் மேற்கு 90 வரை. வடமேற்கிலுள்ளது வடக்கு 25 முதல் 45 வரை, கிழக்கு 140 முதல் மேற்கு 145 வரை. தென்மேற்கிலுள்ளது தெற்கு 50 முதல் 15 வரை, கிழக்கு 150 முதல் மேற்கு 160 வரை. ஒவ்வொரு பெட்டியிலும் கடல் கட்டங்களை மட்டும் எடுத்து, அந்தந்த மாதத்தின் நீண்டகாலச் சராசரியிலிருந்து விலகலைக் கணக்கிடுங்கள். பிறகு நடுப் பெட்டியின் விலகலிலிருந்து மற்ற இரண்டின் சராசரியைக் கழியுங்கள்.

சராசரி எடுக்கும்போது அட்சரேகையின் கொசைன் மதிப்பால் எடையிட மறக்காதீர்கள். 45 டிகிரியிலுள்ள கட்டத்தின் பரப்பு நிலநடுக்கோட்டிலுள்ளதில் 0.71 பங்குதான். கடைசியாக 13 ஆண்டு நகரும் சராசரியால் தொடரை வழவழப்பாக்கினால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக்கைச் சூடாக்கும் எல் நினோவின் குறுகிய துடிப்புகள் அடங்கி மெதுவான அலைவு மட்டும் மிஞ்சும்.

படி 4: குளிர்காலத்தை ஒழுங்காகக் கட்டுங்கள்

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றையும் சேர்த்து ஒரு குளிர்காலம் என்போம். ஆண்டு வாரியாகத் தொகுக்கும் கட்டளையை அப்படியே கொடுத்தால், 2001 ஜனவரி, பிப்ரவரியோடு 2001 டிசம்பர் சேர்ந்துவிடும். சேர வேண்டியதோ 2000 டிசம்பர். என் முதல் கணக்கில் இந்தப் பிழை இரண்டு வாரங்கள் கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் வரைபடம் பார்வைக்குச் சரியாகவே இருந்தது. டிசம்பரை அடுத்த ஆண்டின் கணக்கில் சேர்த்துவிட்டு, முதல் ஐந்து குளிர்காலங்களின் சராசரியைக் கையால் போட்டுச் சரிபாருங்கள்.

தருமபுரி வடக்கு 12.1, கிழக்கு 78.2 டிகிரியில் இருக்கிறது. அதற்கு அருகிலுள்ள கட்டத்தை மட்டும் எடுக்காமல், சுற்றியுள்ள கட்டங்களையும் சேர்த்துத் தென்னிந்திய உள்நாட்டுச் சராசரியாக எடுங்கள். பல மாதிரிகளில் ஒரு கட்டம் 100 கிலோமீட்டரோ அதைவிட அதிகமோ அகலம் உடையது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரும், அதைவிட நானூறு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்த தருமபுரியும், இடையிலுள்ள மலைகளும் மாதிரிக்கு ஒரே சமதளம். ஓசூர் அருகிலுள்ள தளியின் பனியை அதில் தேடினால் கிடைக்காது.

படி 5: வேறுபாட்டை எடுத்து, நம்பலாமா என்று சோதியுங்கள்

குறியீடு நேர்க்குறியில் (பூஜ்யத்துக்கு மேல்) உள்ள குளிர்காலங்களின் ‘டாஸ்மின்’ சராசரியிலிருந்து எதிர்க்குறியில் (பூஜ்யத்துக்குக் கீழ்) உள்ளவற்றின் சராசரியைக் கழியுங்கள். வரும் வேறுபாடு ஒரு டிகிரியின் பத்தில் சில பங்குகளாகவே இருக்கும் என்று எதிர்பாருங்கள். பசிபிக் வெதுவெதுப்பாகும்போது வெப்பமண்டல வளிமண்டலமும் இந்தியப் பெருங்கடலும் சேர்ந்து சூடாகின்றன; வங்கக் கடல் பக்கமிருந்து வரும் மேகமும் மாறுகிறது. மேகம் நிலத்தின் வெப்பத்தைத் தப்பவிடாமல் தடுப்பதால், பகலைவிட இரவில் இதன் விளைவைத் தேடுவது பொருத்தம்.

வழக்கமான புள்ளியியல் சோதனை இங்கே ஏமாற்றிவிடும். 13 ஆண்டு வழவழப்பாக்கியபின் அடுத்தடுத்த ஆண்டுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. 500 ஆண்டுகளில் 500 தனித்தனிச் சான்றுகள் கிடையா, சில பத்துகளே உண்டு. எளிய மாற்றுவழி இது: குறியீட்டுத் தொடரை ஏதேனும் ஒரு எண்ணிக்கை ஆண்டுகள் நகர்த்தி, முனையில் மிஞ்சுவதைத் தொடக்கத்தில் ஒட்டி, மறுபடி வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். இப்படி ஒவ்வோர் ஆண்டாக நகர்த்திச் சில நூறு முறை செய்யலாம். கடலுக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள உண்மையான காலப் பொருத்தம் இந்தத் தொடர்களில் குலைந்திருக்கும். உங்கள் முதல் விடை இவற்றில் 95 விழுக்காட்டு விடைகளை அளவில் மிஞ்சினால்தான் அதைப் பொருட்படுத்துங்கள்.

படி 6: எழுபது ஆண்டுகளாக வெட்டிப் பாருங்கள்

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் படி. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்ட வெப்பநிலைத் தரவு 1951-இல்தான் தொடங்குகிறது. அதாவது நம் கையிலுள்ள நிஜப் பதிவு எழுபது ஆண்டுகளைச் சற்றே தாண்டியது. பசிபிக் அலைவு அதற்குள் இரண்டு மூன்று முறைதான் புரண்டிருக்கும். ஆகவே 500 ஆண்டு ஓட்டத்தை எழுபது எழுபதாக ஏழு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் படி 5-இன் வேறுபாட்டைத் தனியே கணக்கிடுங்கள். ஒரே மாதிரி, ஒரே கடல் என்றாலும் ஏழு விடைகளும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. சில துண்டுகளில் குறிகூட மாறலாம். ஏழையும் ஒரே தாளில் புள்ளிகளாக வையுங்கள். பிறகு 1951-க்குப் பிந்தைய நிஜத் தரவில் வெப்ப உயர்வின் போக்கைக் கழித்துவிட்டு, 1854 முதல் கிடைக்கும் இஆர்எஸ்எஸ்டி (ERSST) கடல் வெப்பநிலைத் தரவிலிருந்து அதே குறியீட்டைக் கணக்கிட்டு, கிடைக்கும் வேறுபாட்டை எட்டாவது புள்ளியாக வேறு நிறத்தில் குறியுங்கள். அது அந்த ஏழின் வீச்சுக்குள் விழுகிறதா, வெளியே நிற்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கலாம்.