கணவாய்க் காற்றும் என் மைக்கும்
ஆடி மாதம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பேட்டி எடுத்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியுமே, ஆளையே தள்ளும். காசையெல்லாம் கேமராவிலும் லென்ஸிலும் கொட்டிவிட்டு, ஒலியைக் கேமராவோடு வந்த மைக்கிடம் விட்டிருந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் பெரியவர் வாய் அசைகிறது, கேட்பதெல்லாம் புஸ்ஸு புஸ்ஸு. அவர் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் ஆட்டோ கெயின் (சத்தம் குறைந்தால் கேமரா தானாக ஒலியைக் கூட்டுவது) வேறு ஏறி இரைச்சலைத் தூக்கிக் காட்டுகிறது.

சரி என்று, அடுத்த லென்ஸுக்கு வைத்திருந்த பணத்தில் காலர் மைக்கும் சின்ன ரெக்கார்டரும் வாங்கினேன். காற்றைத் தடுக்க மைக்குக்கு ரோமக் குல்லாய், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலைக் குறைக்க லோ கட், பதிவு லெவலை ஆட்டோவிடம் விடாமல் கையால் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வைத்தேன். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், எடிட்டில் படத்தோடு ஒலியைச் சேர்க்க அது போதும்.

மறுபடி போனபோது பெரியவர் குல்லாயைத் தடவிப் பார்த்து, "ஏந் தம்பி, இதுக்குக் குளிருதா?" என்றார். அதுவும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.