இ.என்.எல் முடித்த பிள்ளைக்கு ரீஜண்ட்ஸ் தேர்வில் சலுகை வாங்குவது எப்படி?

நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் இ.என்.எல்லை (ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கான வகுப்பு) விட்டு வெளியே வந்த பிள்ளைகளுக்கும் இரண்டு ஆண்டுகள் வரை ரீஜண்ட்ஸ் (உயர்நிலைப் பள்ளிப் பாடத் தேர்வுகள்) உட்பட மாநிலத் தேர்வுகளில் சலுகை தரலாம். "கமாண்டிங் (ஆங்கிலத் திறன் தேர்வின் உச்ச நிலை) வந்தாச்சே, இனி எதற்கு?" என்று நம்மவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். தோழிகளோடு சரளமாகப் பேசுவது வேறு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து பயாலஜி கேள்விகளைப் படித்து எழுதுவது வேறு. என் மகளுக்கு வாங்கிக் கொடுத்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

1. முதலில் ஆண்டைக் கணக்கிடுங்கள். நைசெஸ்லாட் என்ற அந்த ஆங்கிலத் திறன் தேர்வு வசந்த காலத்தில் நடக்கும். 2025 தேர்வில் கமாண்டிங் வந்திருந்தால் 2025-26, 2026-27 இரண்டு கல்வியாண்டுகளும் சலுகைக் காலம். எக்ஸ்பாண்டிங் (கமாண்டிங்குக்கு ஒரு படி கீழே) வாங்கி, ரீஜண்ட்ஸ் ஆங்கிலத்தில் 65 அல்லது அதற்கு மேல் எடுத்து வெளியே வந்தவர்களுக்கும் இதே கணக்குதான்.

2. பிரின்சிபலுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முடிவு அவர் கையில் இருப்பதால், தேர்வு நெருங்கும் வரை காத்திருக்க வேண்டாம். கூடுதல் நேரம், தனி அறை, இருமொழி அகராதி மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் நேரத்தைத்தான் கேட்பேன்; ஒன்றரை மடங்கு வரை தருவது வழக்கம். ரீஜண்ட்ஸ் வினாத்தாள் தமிழில் வருவதில்லை. அதனால் ஆங்கிலப் பாடம் தவிர மற்றவற்றுக்கு வாய்மொழி மொழிபெயர்ப்பும் கேட்கலாம்.

3. அகராதி. இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். சொல்லுக்குச் சொல் மட்டும் உள்ள அகராதிக்குத்தான் அனுமதி. 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்பதற்கு நேரே 'ஒளிச்சேர்க்கை' என்று இருந்தால் சரி. 'தாவரங்கள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் முறை' என்று விளக்கம் இருந்தால் அந்தப் புத்தகம் உள்ளே போகாது. வீட்டில் இருக்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதிகளில் பெரும்பாலானவை விளக்கம் தருபவை. போனில் உள்ள செயலிக்கும் இடமில்லை. ஆகவே புத்தகத்தை முன்கூட்டியே பள்ளியில் காட்டி, சரி என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம், ஊரில் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்குத்தான் இது கைகொடுக்கும். 'ஒளிச்சேர்க்கை'யே புதிதாகத் தெரியும் பிள்ளைக்கு அகராதி புரட்டுவதில் நேரம்தான் போகும்.

4. பள்ளியிலேயே பழக்குங்கள். வகுப்புத் தேர்வுகளிலும் இதே அகராதி, இதே கூடுதல் நேரம் தரச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்.

பின்சேர்க்கை: ஐ.இ.பி அல்லது 504 (உடல், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி எழுதித் தரும் உதவித் திட்டங்கள்) உள்ள பிள்ளைக்கு என்ன ஆகும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது தனிக் கணக்கு. அதில் எழுதியுள்ள சலுகைகள் இந்த இரண்டு ஆண்டுகளோடு முடிவதில்லை. கூடுதல் நேரம் தேவையென்றால் அந்தத் திட்டத்திலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.